ஆற்று மணற்கல்லில் டைனோசர் தேடப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுத் திட்டத்துக்காக கோலாலம்பூரிலிருந்து பகாங் பக்கம் கிளம்பும் மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. கேள்விகள் கேட்டவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முன்னால் சொன்னது மறுபடி தேவைப்படும் இடத்தில் கேள்வி எண் மட்டும் தரப்பட்டுள்ளது.

1. மலேசியாவில உண்மையிலேயே டைனோசர் இருந்துச்சா?

இருந்தது. 2014 பிப்ரவரியில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை, ஜப்பானின் வாசெடா, குமாமோட்டோ பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து முதல் சான்றை அறிவித்தது. பகாங் உட்பகுதியில் கிடைத்த ஒற்றைப் பல் அது. நீளம் 23 மி.மீ., அகலம் 10 மி.மீ. மீன் தின்னும் ஸ்பைனோசரிட் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரம் தின்னும் ஆர்னிதிஸ்கியன் வகைப் பல் ஒன்றும் பிறகு சேர்ந்தது. இரண்டும் டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்து ஆற்றுப் படிவுகளில் கிடைத்தவை.

சரியான இடத்தை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை. திருடு போகாமல் இருக்கத்தான். "அந்த ஸ்பாட் எங்கே?" என்று விரிவுரையாளரிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

2. கே.எல்.லயே தேட முடியாதா? பத்து மலையில? இல்ல பினாங்குல புக்கிட் பெண்டேராவுல?

முடியாது. பத்து மலையின் சுண்ணாம்புப்பாறை சைலூரியன் காலத்தில் கடலடியில் படிந்தது. டைனோசர் தோன்றியது அதற்குப் பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு. கோலாலம்பூரின் கென்னி ஹில் பாறைகளும் டைனோசருக்கு முந்தியவை. பினாங்குத் தீவின் மலைகளோ கருங்கல். உருகிய குழம்பு ஆழத்தில் உறைந்த பாறையில் எலும்பு எங்கிருந்து வரும்?

வேண்டியது ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலத்து நிலப்படிவு. தீபகற்பத்தில் அது பெரும்பாலும் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் இருக்கிறது: பகாங்கில் தெம்பெலிங் தொகுதி, திரெங்கானு, பகாங், கிளந்தான் எல்லை சேரும் இடத்தில் ககாவ் தொகுதி, ஜோகூர் பக்கம் பந்தி மணற்கல். தெம்பெலிங் தொகுதிக்குள் கெரும், லானிஸ், மங்கிங், தெர்முஸ் என்று நான்கு அடுக்குப் பெயர்கள் வரும். அறிக்கையில் எந்த அடுக்கில் நின்றீர்கள் என்று எழுத வேண்டியிருப்பதால் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

3. எலும்பு ஒண்ணும் கிடைக்கலைன்னா ப்ராஜெக்ட் ஃபெயிலா?

இல்லை. கிடைக்காது என்று எண்ணித்தான் திட்டமே போட வேண்டும். பத்து நாள் களப்பணியில் ஒரு பல்கூடக் கிடைக்காமல் திரும்புவது வழக்கம். இளங்கலை மாணவர் கையில் உள்ள உண்மையான வேலை ஆற்றைப் படிப்பது: எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் ஓடியது, கரையில் என்ன மண், மழை எப்படிப் பெய்தது. டைனோசர் வாழிடம் என்றால் இதுதான்.

ஆகவே தலைப்பை "டைனோசர் புதைபடிவங்கள்" என்று வைக்காதீர்கள். "இன்ன மணற்கல்லின் படிவுச் சூழல்" என்று வையுங்கள். பல் கிடைத்தால் ஓர் அத்தியாயம் கூடும். கிடைக்காவிட்டால் எதுவும் குறையாது.

4. என்னென்ன சாமான் வாங்கணும்? கம்பஸ் ரொம்ப விலையா இருக்கே.

கம்பஸ், பாறை நிறத்தை ஒப்பிடும் மன்செல் வண்ண அட்டை இரண்டும் துறையில் இரவல் கிடைக்கும், வாங்க வேண்டாம். சொந்தமாக வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் ஹேண்ட் லென்ஸ், மணல் துகள் அளவு ஒப்பீட்டு அட்டை, நிலவியல் சுத்தியல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, 5 மீட்டர் டேப், நீர் புகாத நோட்டு, பென்சில். பேனா மை மழையில் கரைந்து ஒரு நாள் வேலையையே கொண்டுபோய்விடும். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுப் போத்தலில் 30 மி.லி. போதும்.

அளவுகோல் கழியை ஹார்ட்வேர் கடை பிவிசி குழாயிலேயே செய்யலாம். 1.5 மீட்டர் வெட்டி, 10 செ.மீ.க்கு ஒருமுறை கறுப்பு டேப் சுற்றுங்கள். உச்சியில் சாய்வுமானியைப் பொருத்த ஒரு சிறு பலகை. மரக்கழி வேண்டாம். ஈரத்தில் வளையும்.

5. செக்ஷன் லாக் பண்றதுன்னா எங்க ஆரம்பிச்சு எப்படிப் போறது?

செக்ஷன் லாக் என்பது பாறை வெட்டுமுகத்தை அடுக்கடுக்காக அளந்து வரையும் பதிவு. அடியிலிருந்து மேலே, அதாவது பழையதிலிருந்து புதியதற்குப் போக வேண்டும். முதலில் அரை மணி நேரம் எதையும் எழுதாமல் வெட்டுமுகம் முழுவதையும் நடந்து பாருங்கள். பிறகு படுகையின் (பாறை அடுக்கின்) ஸ்ட்ரைக், அதாவது அது கிடையாக ஓடும் திசை, டிப், அதாவது அது சாயும் கோணம், இரண்டையும் மூன்று இடத்தில் எடுங்கள். கழியைப் படுகைக்குச் செங்குத்தாக வைத்து, அது காட்டும் அடுத்த புள்ளிக்கு நகருங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் கனம், மணல் அளவு, நிறம், உள்ளமைப்பு, அடி எல்லை கூர்மையா மெதுவாக மாறுவதா, வேர்த்தடம், கணுக்கள் (மண்ணுக்குள் திரண்ட சிறு உருண்டைகள்) என்று ஒரே வரிசையில் எழுதுங்கள். 1:50 அளவில் வரைந்தால் 10 செ.மீ. அடுக்கு 2 மி.மீ. ஆகும், அதற்குக் கீழே போனால் படத்தில் தெரியாது. நல்ல வெட்டுமுகத்தில் ஒரு நாளைக்கு 15 முதல் 25 மீட்டர் முடிக்கலாம்.

பலர் தவறுவது கனத்தில்தான். சாய்ந்த அடுக்கைத் தரையோடு டேப் போட்டு அளந்து அதையே கனம் என்று எழுதிவிடுகிறார்கள். சமதரையில், ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக அளந்த நீளத்தை டிப் கோணத்தின் சைனால் பெருக்கினால்தான் உண்மைக் கனம். டிப் 30° என்றால் 20 மீட்டர் நடை 10 மீட்டர் கனம்தான்.

6. இது ஆத்துல படிஞ்சதா கடல்ல படிஞ்சதான்னு எப்படி நிச்சயமா சொல்றது?

ஒற்றை அடையாளத்தை நம்பாதீர்கள், வரிசையைப் பாருங்கள். வளைந்தோடும் ஆற்றின் படிவு அடியில் அரித்த எல்லையோடு தொடங்கும். அதன்மேல் கூழாங்கல்லும் பிய்ந்து வந்த சேற்றுத் துண்டுகளும், பிறகு பெரிய குறுக்குப்படுகை (அடுக்குக்குள் சாய்வாகப் படிந்த மணல் வரிகள்) உள்ள பருமணல், மேலே சிற்றலை வரி உள்ள நுண்மணல், உச்சியில் வேர்த்தடத்தோடு சேறு. மேலே போகப்போக மணல் நுண்மையாகும். இந்த அடுக்கு வரிசை திரும்பத் திரும்ப வந்தால் ஆறு என்று சொல்லத் துணிவு வரும்.

எதிர்ச்சாட்சிகளையும் தேடுங்கள். கடற்சிப்பி, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர், எதிரெதிர்த் திசையில் சாய்ந்த குறுக்குப்படுகை, மணல் வரிகளுக்கு இடையே சீராக மெல்லிய சேற்றுப் படலம் இருந்தால் அலையேற்றம் தொட்ட இடமாக இருக்கலாம். இவை இல்லை என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு யோசனை. கிளம்பும் முன் ஒரு வார இறுதியில் உலு லங்காட் பக்கமோ, பினாங்குக்காரர்கள் சுங்கை மூடாவுக்கோ போய், தண்ணீர் வற்றிய மணல் திட்டில் 50 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி அதன் சுவரைச் சீவிப் பாருங்கள். குறுக்குப்படுகை அன்றைக்கே புரிந்துவிடும்.

7. பல்லு, எலும்பு எல்லாம் எந்த அடுக்குல தேடணும்?

தாத்தா காலத்து ஈய லம்பத்தில் (சுரங்கத்தில்) டூலாங் தட்டில் மணலைக் கழுவியதைப் பற்றி வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். கனமான ஈயத்தாது ஆற்றின் அடிச்சரளையில் போய்த் தங்கும், லேசான மணலை நீர் அள்ளிக்கொண்டு போகும். பல்லும் அப்படித்தான். பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமானது. ஆறு உருட்டினாலும் மிஞ்சி, அடிச்சரளையில் சேற்றுத் துண்டுகளோடு சேர்ந்து கிடக்கும். அதோடு டைனோசர்கள் வாழ்நாள் முழுக்கப் பல்லை உதிர்த்து முளைக்கவிட்டவை. அதனால்தான் எலும்புக்கூட்டைவிட ஒற்றைப் பற்கள் கிடைக்கின்றன.

எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்த நிலையில் வேண்டுமென்றால் வெள்ளச்சமவெளிச் சேறும் கைவிடப்பட்ட வாய்க்காலும் பார்க்க வேண்டிய இடங்கள். நம் ஊரில் சேற்றுக்கல் சீக்கிரம் சிதைந்து புல்லும் செடியும் மூடிவிடுவதால் அது அபூர்வம். புதிதாக வெட்டிய சாலையோரம், கல்லுடைக்கும் குவாரி, ஆறு அறுத்த கரை இந்த மூன்றையே நம்புங்கள்.

8. கையில எடுத்தது எலும்பா கல்லான்னு தெரியல. நாக்குல வச்சுப் பாக்கச் சொல்றாங்களே?

எலும்பின் நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் நாக்கில் ஒட்டும். ஆனால் காய்ந்த களிக்கல்லும் ஒட்டும். காட்டு மண்ணில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடிய நாட்டில் இந்தச் சோதனை வேண்டாம். லென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள். எலும்பில் தேன்கூடு போன்ற உட்துளைகளும் வெளியே கெட்டியான ஓடும் தெரியும். பல்லில் பளபளப்பான எனாமல் மெல்லிய தோலாகத் தெரியும், இறைச்சி தின்னும் வகையில் ஓரத்தில் ரம்பப் பற்கள் இருக்கலாம். ஸ்பைனோசரிட் பல் கூம்பாக, நீளவாக்கில் வரிகளோடு இருப்பதால் முதலைப் பல்லோடு குழப்பும். அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டாம், நிபுணரிடம் விடுங்கள்.

4-ஆம் கேள்வியில் சொன்ன அமிலத்தைச் சந்தேகமான துண்டின்மேல் சொட்டவே கூடாது. எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட், அமிலம் தின்றுவிடும். அமிலம் பாறையின் சுண்ணாம்பைச் சோதிக்க மட்டும்.

9. சரி, கிடைச்சிருச்சு! அப்புறம்? பிடுங்கி எடுத்துரலாமா?

கையை எடுங்கள். அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒரு படம், ஆள் நின்று தூரத்திலிருந்து ஒரு படம், ஜி.பி.எஸ். புள்ளி, லாக்கில் எந்த மீட்டரில் எந்த அடுக்கில் என்ற குறிப்பு. இவ்வளவும் முடிந்த பிறகு மேற்பார்வையாளருக்குத் தகவல். அடுக்கு தெரியாமல் பையில் போட்டு வந்த பல்லுக்கு ஆய்வில் பாதி மதிப்புதான். படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டால் பின்னணி மலையை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எடுப்பது நிபுணர் வேலையானாலும் உதவிக்கு நிற்கும்போது முறை தெரிந்திருக்க வேண்டும். நொறுங்கும் எலும்புக்கு அசிட்டோனில் 5 முதல் 10% கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற இறுக்கும் பிசினை ஊற்றுவார்கள். பாறை ஈரமாக இருந்தால் அது வெள்ளை பூத்து ஒட்டாமல் போகும், காயும்வரை காத்திருக்க வேண்டும். பிளாஸ்டர் உறை போடும் முன் எலும்பின்மேல் ஈர டிஷ்யூ பல அடுக்கு ஒட்டி, பிறகுதான் பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துண்டு. டிஷ்யூவை மறந்தால் உறையோடு எலும்பும் பெயர்ந்து வரும். சூப்பர் குளூ வேண்டாம். பின்னால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

சரியாகக் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு ஆற்றுப் படிவில் கிடைத்து, 1987-இல் புருகத்காயோசரஸ் என்று பெயரிடப்பட்ட மிகப் பெரிய விலங்கின் எலும்புகள் ஈரத்தில் சிதைந்து அழிந்தே போயின. இன்று மிஞ்சியிருப்பது படங்களும் அளவுகளும் மட்டும். அது எவ்வளவு பெரியது என்ற வாதம் அதனால்தான் இன்னும் ஓயவில்லை.

10. சல்லடை போட்டுச் சலிச்சா சின்னப் பல்லு கிடைக்குமாமே?

மென்மையான சேற்றுக்கல்லுக்குச் சரி வரும், கெட்டி மணற்கல்லுக்கு வராது. 20 கிலோ எடுத்து முழுக்கக் காய வையுங்கள். நன்றாகக் காய்ந்த களிதான் தண்ணீரில் போட்டதும் தானாக உடையும். அரைகுறையாகக் காய்ந்தது கட்டியாகவே கிடக்கும், எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு நாள் ஊறவிட்டு 1 மி.மீ., 0.5 மி.மீ. சல்லடையில் தேய்க்காமல் அலசுங்கள். மிஞ்சியதை உலர்த்தி நுண்ணோக்கியில் ஈரத்தூரிகையால் பொறுக்க வேண்டும். இதற்குத்தான் பொறுமை வேண்டும், 20 கிலோவுக்குப் பல நாள் ஆகும். பகாங்கில் நன்னீர்ச் சுறாவான ஹைபோடான்ட் பற்களும் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அவை டைனோசர் பல்லைவிடச் சிறியவை. ஆனால் நீர்நிலையைப் பற்றி அதிகம் சொல்லும்.

11. எப்பப் போனா நல்லது? அம்மா காட்டுக்கெல்லாம் விட மாட்டேங்கிறாங்க.

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையை நனைக்கும். அதன் பிறகு செப்டம்பர் வரை வசதி. காலை 7-க்குத் தொடங்கி மதியம் 2-க்குள் ஆற்றங்கரை வேலையை முடியுங்கள், மாலையில் இடி மழை வழக்கம். உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேல்மலையில் பெய்த மழை கெப்பாலா ஆயராக (ஆற்றில் பாயும் வெள்ளமாக) திடீரென்று வரும். தண்ணீர் கலங்கி, இலை தழை மிதந்து வந்தால் நோட்டை எடுப்பதற்குக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

அம்மாவுக்குச் சொல்ல: தனியாகப் போவதில்லை, குறைந்தது மூன்று பேர். திரும்பும் நேரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது கட்டாயம். அட்டைப்பூச்சிக்கு நீளக் காலுறை போதும். புண் இருந்தால் நீர்புகாத கட்டுப் போட்டே ஆற்றில் இறங்க வேண்டும். திரும்பி வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். குரங்கு மலேரியாவும் எலிக்காய்ச்சலும் டெங்கி போலவே தொடங்கும்.

12. பெர்மிட் எல்லாம் யார்கிட்ட வாங்கணும்?

இடத்தைப் பொறுத்தது. தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குள் என்றால் பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை), வனக் காப்பகம் என்றால் மாநில வனத்துறை, குவாரி என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி. ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமத்தைத் தாண்டிப் போவதாக இருந்தால் அவர்களுக்கான அரசுத் துறையான ஜகோவாவிடமும் கிராமத் தலைவரிடமும் கேளுங்கள். கேட்ட பிறகு அவர்களில் ஒருவரையே வழிகாட்டியாகச் சம்பளத்துக்கு அமர்த்துவது நல்லது. எந்தக் கரை எப்போது இடிந்து புதுப் பாறை தெரிந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விண்ணப்பத்தை இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே போடுங்கள்.

13. இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்னு அப்பா கேக்குறார்.

டைனோசரை வைத்து வேலை தேடினால் கிடைப்பது கடினம். ஆற்றுப் படிவைப் படிக்கத் தெரிந்தவருக்கு எண்ணெய் எரிவாயு, நிலத்தடி நீர், சரிவு ஆய்வு மூன்றிலும் இடம் உண்டு. மலாய்ப் படுகையில் எண்ணெய் தேங்கியிருப்பது பெருமளவு பழைய ஆற்று, கழிமுக மணலில்தான். 2008-ஆம் ஆண்டு நிலவியலாளர் சட்டத்தின் கீழ் பதிவு பெறும் தொழில் இது என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

14. பாறை சிவப்பா இருக்கு. அப்ப பாலைவனம்தானே?

அவசரப்படாதீர்கள். முதலில் அந்தச் சிவப்பு கிரெட்டேசியஸ் சிவப்பா, போன நூற்றாண்டுச் சிவப்பா என்று பாருங்கள். நம் வெயிலும் மழையும் எந்தப் பாறையையும் மேலே பல மீட்டருக்குச் செம்மண்ணாக்கும். சுத்தியலால் உள்முகம்வரை உடையுங்கள். நிறம் விரிசல் வழியே பரவியிருந்தால் அது இன்றைய சிதைவு. அடுக்கோடு சேர்ந்து, ஒரு அடுக்கு சிவப்பு அடுத்தது சாம்பல் என்று மாறினால் பழைய நிறம்.

பழைய சிவப்பும் பாலைவனம் என்று பொருளல்ல. நீர் வடிந்து காற்றுப்பட்ட வெள்ளச்சமவெளியில் இரும்பு துருவேறிச் சிவக்கும், நீர் தேங்கிய இடத்தில் சாம்பலாகும். மழை குறைந்த பருவம் இருந்ததற்கு வலுவான சான்று சுண்ணாம்புக் கணுக்கள். வேர்த்தடத்தோடு சேர்ந்து, அமிலம் சொட்டினால் நுரைக்கும். ஆனால் மேல்மட்டச் சிதைவில் அவை கரைந்து வெற்றுக் குழியாக மட்டும் மிஞ்சலாம். "கணு இல்லை" என்று எழுதும் முன் குழியைத் தேடுங்கள்.

இதே சிதைவு, மணலில் எந்தக் கனிமம் எவ்வளவு என்று எண்ணும் கணக்கையும் கெடுக்கும். ஃபெல்ட்ஸ்பார் கனிமம் களியாகிப் போனபின் எண்ணினால் எல்லா மணலும் குவார்ட்ஸாகத் தெரியும். வெட்டுச்சீவலுக்கு (நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாக வெட்டும் பாறைத் துண்டுக்கு) உள்முகக் கல்லையே எடுங்கள்.

15. ஆறு எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு 25 ரீடிங் எடுத்தேன். ஆவரேஜ் போட்டா தலைகீழா வருது!

திசைகளைச் சாதாரணமாகக் கூட்டி வகுத்திருப்பீர்கள். 350°, 10° இரண்டும் வடக்குதான். கூட்டி வகுத்தால் 180°, தெற்கு! ஒவ்வொரு திசைக்கும் சைன், கோசைன் எடுத்து, தனித்தனியே கூட்டி, அதிலிருந்து சராசரிக் கோணம் காண வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு திருத்தம். அடுக்கு 10°க்கு மேல் சாய்ந்திருந்தால், குறுக்குப்படுகை அளவை ஸ்டீரியோநெட்டில் (திசை, சாய்வுக் கோணங்களைக் குறித்துச் சுழற்றும் வட்ட வரைதாளில்) போட்டு அடுக்கைப் படுக்க வைத்த பிறகே திசையை எடுக்க வேண்டும். தெம்பெலிங் பாறைகள் மடிந்தவை என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது. காந்த விலக்கம் (கம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) தீபகற்பத்தில் ஒரு பாகைக்கும் குறைவு, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இடுப்பில் தொங்கும் பாராங் கத்தியும் காந்த உறை போட்ட கைப்பேசியும்தான் கம்பஸைக் கெடுக்கும். படுகையின் பக்கவாட்டு வெட்டை மட்டும் பார்த்து அளப்பது இன்னொரு பிழை, இரண்டு முகம் தெரியும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

16. ஆத்தோட ஆழத்தை இப்ப எப்படிக் கணக்குப் போடுறது?

குறுக்குப்படுகைத் தொகுதிகளின் கனத்தை 20 இடங்களிலாவது அளந்து சராசரி எடுங்கள். அதை 2.9-ஆல் பெருக்கினால் ஆற்றடி மணல்மேட்டின் உயரம் கிடைக்கும். நீரின் ஆழம் ஏறக்குறைய அந்த உயரத்தைப் போல் 6 முதல் 10 மடங்கு. சராசரிக் கனம் 20 செ.மீ. என்றால் மேடு 58 செ.மீ., ஆழம் 3.5 முதல் 5.8 மீட்டர். ஒற்றை எண் எழுதாதீர்கள், எல்லையோடு எழுதுங்கள். மிகப் பெரிய தொகுதியை மட்டும் அளந்து ஆற்றைப் பெரிதாக்குவதும் அடிக்கடி நடக்கிறது.

17. வயசு? லேப்ல கொடுத்தா சொல்லிருவாங்கதானே?

எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மகரந்தத்துக்குச் சாம்பல் நிறச் சேற்றுக்கல் 300 கிராம் போதும். சிவப்புச் சேறு வீண், 14-இல் சொன்ன துருவேற்றம் மகரந்தத்தையும் எரித்துவிடும். மணலில் கிடைக்கும் சிர்கான் கனிமத்துக்கு நுண், நடுத்தர மணற்கல் 3 முதல் 5 கிலோ. ஆனால் சிர்கான் தருவது மணல் பிறந்த மலையின் வயது. படிவு அதைவிட இளையது என்று மட்டும் சொல்லலாம், "பாறையின் வயது இதுவே" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

18. ஒரே ஒரு பல்லை வச்சு "இங்க ஸ்பைனோசரிட் வாழ்ந்துச்சு"ன்னு எழுதலாமா?

இந்த ஆற்றுப் படுகையில் எங்கோ வாழ்ந்தது என்று எழுதலாம். இந்த இடத்தில் என்று எழுத முடியாது. 7-இல் பார்த்தபடி அடிச்சரளை பல இடத்துப் பொருளைக் கூட்டிக் குவிக்கும். முனைகள் மழுங்கிய பல் தொலைவிலிருந்து உருண்டு வந்திருக்கும். மழுங்காத பல் பக்கத்திலேயே விழுந்தது என்றும் சொல்லிவிட முடியாது, எனாமலின் கடினத்தால் நெடுந்தூரம் வந்தும் கூர்மை குறையாமல் இருக்கலாம். பழைய கரையை ஆறு அரித்து முந்திய காலத்துப் பல்லைப் புதுப் படிவில் சேர்த்திருக்கவும் வாய்ப்புண்டு.

அதனால் பல்லுக்கு ஒரு பத்தி, அதே அடுக்கின் சேறு, வேர், கணு, மீன் செதில், சுறாப்பல் ஆகியவற்றுக்கு ஐந்து பக்கம் என்று எழுதுங்கள். மீன் தின்னும் பல்லும் மீன் எச்சமும், 16-இல் கணக்கிட்ட ஆழமுள்ள வாய்க்காலும் ஒரே அடுக்கில் சேர்ந்து வந்தால் அது வாதம். தாய்லாந்தின் கோராட் தொகுதியிலிருந்து 1986-இல் பெயரிடப்பட்ட சியாமோசரஸும் இதே குடும்பத்தது என்று கருதப்படுவதும் பற்களை வைத்துத்தான். அங்குள்ள அடுக்கு விவரங்களோடு உங்கள் லாக்கை ஒப்பிட ஒரு அட்டவணை போடுங்கள். பொருந்தாத வரிசைகளை அதிலிருந்து எடுத்துவிடாதீர்கள், தேர்வாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.